புங்க மரத்தடியில் உன்னோடு இருந்தது நான் இல்லை

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவை இன்று காலையும் எடுத்துப் பார்த்தேன். பாரூர் ஏரிக்கரையில் பாப்பா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். முகத்தில் அழுத தடம் எதுவும் இல்லை. கூடவே உன் குரலையும் பதிவு செய்து அனுப்பியிருந்தாய். "அம்மா, ஒரு நாரை பின்னாடியே போயிட்டேன், ஒரு மணி நேரம் ஓடினதே தெரியல. பாப்பாவ கரையிலயே வுட்டுட்டேன். பதறி அடிச்சிக்கினு ஓடி வந்து பாத்தா, கூலா ஒக்காந்திருக்கா. கேட்டா, நீதாம்ப்பா எங்கூடவே ஒக்காந்து பேசிக்கினு இருந்தே, தலை கூட வாரி வுட்டியேங்கறா. என்னா கற்பனை பாரேன்! பரவால்ல, தனியா இருக்கப் பழகிட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூட்டிக்கினு போகப் போறேன்." கடைசியில் நீ சிரித்த சிரிப்பையும் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போகாதே என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நீ கேட்க மாட்டாய், ஏனென்றால் நீ என் வயிற்றில் பிறந்தவன். ஒன்றின் மேல் புத்தி போய்விட்டால் நமக்கெல்லாம் காது அடைத்துக்கொள்ளும். போனில் பேசினால் பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இருபத்தெட்டு வருஷமாக உன்னிடமும் உன் அப்பாவிடமும் மறைத்த ஒன்றை எழுதப் போகிறேன். படித்து முடித்த பிறகு நீ என்னை இதுவரை பார்த்த மாதிரி பார்க்க மாட்டாய். தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் உன் கதைக்கு வருகிறேன். போன வருஷம் உனக்கு சைக்கிள். விடியும் முன்னே அத்திப்பள்ளி தாண்டி எங்கேயோ போய், வேர்த்து வழிந்து வருவாய். அப்புறம் காப்பி. கொட்டையை வறுப்பது, அரைப்பது, தண்ணீரின் சூட்டை அளப்பது என்று சமையலறையை ஆய்வுக்கூடம் ஆக்கி வைத்தாய். அப்புறம் மீன் தொட்டி. இப்போது கேமரா, பறவை. ஒவ்வொன்றும் வந்த புதிதில் உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, நம்ம பிள்ளைதான் என்று. ஆனால் போன மாதம் மருமகள் போன் பண்ணியபோது ஒன்று சொன்னாள். "அத்தை, அவரு கண்ணு மாறிடுச்சு. கூப்பிட்டா திரும்பறாரு, ஆனா என்னைப் பாக்கல." இதே வார்த்தையை முன்பு உன் அப்பா என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன். மருமகள் சொன்னதும் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எண்ணெய் வழுக்கிவிட்டது என்று அவளிடம் சமாளித்தேன்.

என் கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். கல்யாணமாகி ஓசூர் வந்த புதிதில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை லைன் வீடு. அப்பா டூல் ரூமில் வேலை, எனக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்விட்ச் அசெம்பிளி. பெங்களூர் பஸ் போர்டில் இருந்த கன்னட எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் அதைக் கற்றே தீர வேண்டும் என்று பிடித்தது. மூன்று மாதம் கன்னட எழுத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. மளிகைச் சீட்டைக்கூடக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தேன். உன் அப்பா கடையில் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்புறம் ஒயர் கூடை. விரல் இடுக்கில் ரத்தம் கசியக் கசியப் பின்னினேன். கம்பெனியில் என் அசெம்பிளி லைனில் இருந்த அத்தனை பெண்களும் நான் பின்னிய கூடையில்தான் சாப்பாடு கொண்டு வந்தார்கள். நீ பிறந்த பிறகு காளான். கட்டிலுக்கு அடியில் ஈர வைக்கோல் பைகளை அடுக்கி வைத்து, நீ தவழ்ந்து போய் அதைத் தின்னப் பார்த்ததை அப்பா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார். இதுவரை சிரிக்கிற கதைதான்.

சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. இவை வந்த மாதிரியேதான் போகும். ஒரு நாள் காலையில் எழுந்தால் உள்ளே எதுவும் இருக்காது. பாதி பின்னிய கூடை மூலையில் கிடக்கும். அதை எடுத்துப் பார்த்தால் வேறு யாரோ ஒரு பெண் நம் வீட்டில் தங்கியிருந்து, சொல்லாமல் கிளம்பிப் போய்விட்ட மாதிரி இருக்கும். கன்னடம் எழுதிய நோட்டைத் திறந்தால், ஓரத்தில் எழுதியிருந்த தமிழ்க் கையெழுத்துகூட என்னுடையது மாதிரி இல்லை. அந்த மூன்று மாதத்தில் நீ என்ன சாப்பிட்டாய், நான் உன்னோடு என்ன பேசினேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. ஆசையாக ஏதாவது செய்யாதே என்று நான் சொல்ல வரவில்லை. எதிலும் ஆசை இல்லாதவர்கள் முகத்தைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் அந்த நாட்களில் இந்த உடம்பில் நான் இல்லை என்றால், வீட்டில் நான் இருக்க வேண்டிய இடமும் காலியாகத்தான் இருந்திருக்கிறது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

உனக்கு ஐந்து வயது இருக்கும்போது அடுத்த பைத்தியமாகக் கல் வந்தது. லைனில் எனக்குப் பக்கத்து சீட்டு லட்சுமம்மா, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரி. அவள் ஊரில் வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள் என்று கூப்பிட்டாள். கோயில் என்று கூட்டிப் போய்க் காட்டினால், மானாவாரிக் கொல்லை நடுவில் ஒரு பலகைக் கல். எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்துப்போன கல்லில், வில்லோடு ஒருத்தன் நிற்கிறான். மாட்டைக் காக்கவோ புலியைத் தடுக்கவோ போய்ச் செத்தவன், அவனுக்குத்தான் கல் நட்டுச் சாமியாக்கி வைத்திருக்கிறார்கள் என்றாள். எல்லோரும் கும்பிட்டார்கள். நான் கும்பிடாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது, பிடித்துக்கொண்டது என்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பாட்டில் தண்ணீர், பழைய டூத் பிரஷ், ஒரு நோட்டு, உன் கை. அப்பாவுக்கு அப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். கல்லை நனைத்தால்தான் செதுக்கியது தெரியும். நனைத்து, துடைத்து, நோட்டில் வரைவேன். நீ ஓணானை விரட்டிக்கொண்டிருப்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் தேன்கனிக்கோட்டை தாண்டி இறங்கி, கேழ்வரகு அறுத்த கொல்லைகள் வழியாக வெகுதூரம் நடந்தோம். ஒரு புங்க மரத்தடியில் சின்னதாக ஒரு கல். அதில் உருவமே தேய்ந்து போயிருந்தது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. அதை முன்பே பார்த்துவிட்டதால் எனக்கு அதன் மேல் அக்கறை இல்லை. எதிரே இருந்த கரட்டுக் குன்றுக்கு அந்தாண்ட ஒரு கல் இருக்கிறது, அதில் வீரனுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கி ஒரு பெண் நிற்கிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டும். நீ கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாய். துண்டை விரித்து உன்னை அதில் உட்கார வைத்தேன், பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் இருக்கும் பொம்பளையிடம் பையைக் காட்டிச் சொல்வோமே, அந்த மாதிரி அந்தத் தேய்ந்த கல்லைப் பார்த்து வாய் விட்டுச் சொன்னேன். "இவனக் கொஞ்சம் பாத்துக்கோங்க. அஞ்சு நிமிசத்துல வந்துடறேன்." நீகூடச் சிரித்தாய். நம் ஊரில் யார்தான் அப்படிச் சொல்லவில்லை? சாமி பார்த்துக்கும் என்று சொல்லிவிட்டுத்தானே பாதி வேலைக்குக் கிளம்புகிறோம்.

கரடு ஏறி இறங்கினேன். கல் இருந்தது. சொன்ன மாதிரியே, வலது கையை உயர்த்தி ஒருத்தி. வளையல்கூடத் தெரிந்தது. கண்ணு, உண்மையைச் சொல்கிறேன், நீ பிறந்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவளை நனைத்தேன், துடைத்தேன், வரைந்தேன், சரியாக வரவில்லை என்று கிழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது என் நிழல் கல்லைத் தாண்டி நீளமாகக் கிழக்கே விழுந்து கிடந்தது. மத்தியானத்துக்கு முன்னால் வந்தவள். சாவகாசமாக நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி கரடு ஏறி இறங்கி நடந்தேன். தூரத்தில் புங்க மரத்தடியில் சிவப்பாக ஒரு துண்டு விரித்திருந்தது. இந்தக் காட்டில் யாருடைய துண்டு இது என்று யோசித்தேன். கண்ணு, உன்னை விட்டுவிட்டு வந்ததை மறந்தது பெரிதில்லை. எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான் என்பதே அப்போது எனக்கு நினைவில் இல்லை. உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் நினைவு வந்தது.

ஓடி வந்தேன். நீ புங்கங்காய்களை வரிசையாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தாய். "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு..." பத்து வரைக்கும் தடுமாறாமல் எண்ணினாய். அன்றைக்கு எனக்குத் தெலுங்கில் ஒன்று இரண்டுகூடத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது. உன் முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது, தண்ணீர் பாட்டிலோ என் பையில். பிஸ்கட் பாக்கெட் பிரிக்கவே இல்லை, நீயோ பசிக்கவில்லை என்றாய். உன் தலையைப் படிய வாரி, வலது பக்கம் வகிடு எடுத்திருந்தது. நான் எப்போதும் இடது பக்கம்தான் எடுப்பேன். "யார்டா இருந்தாங்க இங்க?" என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நீதாம்மா." "நான் இப்பத்தானேடா வரேன்!" நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "இல்ல, நீ இங்கியேதான ஒக்காந்திருந்தே. பச்சைப் பொடவை கட்டிக்கினு. அத ஏன் கழட்டிட்டே?" நான் சுடிதாரில் இருந்தேன். என்னிடம் பச்சைப் புடவை கிடையாது. உன் பக்கத்தில், துண்டின் மறுபாதி, ஒரு ஆள் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த மாதிரி கசங்கியிருந்தது.

உன்னை இழுத்துக்கொண்டு ஓடினேன். ரோட்டோர வீட்டில் ஒரு பெரியவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பச்சைப் புடவைக்காரி யாராவது போனார்களா என்று கேட்டேன். "ஆடு மேய்க்கக்கூட யாரும் வர்லம்மா இன்னிக்கி. ஜவளகிரி பக்கமிருந்து ஆனை எறங்கியிருக்குன்னு சொல்லி எல்லாரையும் வூட்டுலயே இருக்கச் சொல்லிட்டாங்க. நீ எப்பிடி உள்ள போனே?" என்றார். யானை இறங்கிய காட்டில் ஐந்து வயதுப் பிள்ளை அத்தனை நேரம். உனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? அந்த மரத்தடிக்குத் திரும்பிப் போய் நன்றி சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அப்பாவிடம் கோயிலுக்குப் போனோம் என்றேன்.

நல்லதாகத்தானே முடிந்தது, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது உனக்கு நினைவில்லை. நினைவில்லாமல் செய்தவள் நான். மறுநாள் சாயங்காலம் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாய். சாப்பிட வாடா என்றால், "அம்மா வரட்டும்" என்றாய். "அம்மா இங்கதாண்டா இருக்கேன்." நீ என்னைத் திரும்பிப் பார்த்து, கோபம்கூட இல்லாமல், விஷயம் தெரியாத ஆளுக்குச் சொல்வது மாதிரி சொன்னாய். "நீ இல்ல. அந்த அம்மா. நான் பேசினா கேப்பாங்களே, அவங்க." ஒன்பது நாள், கண்ணு. ஒன்பது நாளும் சாயங்காலம் படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் யாரையோ பார்த்த மாதிரி கையை ஆட்டினாய். நான் எட்டிப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை.

பத்தாம் நாள் பஜாருக்குப் போய் ஒரு பச்சைப் புடவை எடுத்தேன். எந்தப் பச்சை என்று தெரியாமல் கடைக்காரர் முன்னால் அரை மணி நேரம் திணறினேன். கட்டிக்கொண்டு, தெருக்கோடி வரை போய், வெளியிலிருந்து வருகிற மாதிரி வந்தேன். நீ ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டியா" என்று அழுதாய். உன்னைத் தூக்கிக்கொண்டேன். வந்துட்டேன் என்று என் வாயில் வரவில்லை. உன் தலையை வாரிவிட்டேன், வலது பக்கம் வகிடு எடுத்து. அவளுடைய சம்பளத்தை நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. உன் கல்யாண மேடையில் மைக்கை வாங்கி, "எங்க அம்மா ஷிப்ட் ஷிப்டா உழைச்சவங்க, ஆனா ஒரு நாள் ஃபுல்லா மரத்தடியில எங்கூடவே ஒக்காந்து எனக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தாங்க, என் லைஃப்லயே பெஸ்ட் டே அதுதான்" என்றாயே, எல்லோரும் கை தட்டினார்களே, அப்போதும் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த நாள் என்னுடையது இல்லை. என்னுடைய நாட்கள் மற்றவை.

இப்போது உன் போட்டோவை எடுத்துப் பார். பாப்பாவுக்கு மருமகள் நடு வகிடு எடுத்துத்தான் இரட்டைச் சடை போடுவாள். பெரிதாக்கிப் பார். வலது பக்கம்.

அதைப் பார்த்த மறுநாளே தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. மணி அடித்தாலும் சீட்டை விட்டு எழக் கூடாது. அடுத்த ஷிப்ட்காரி வந்து, தோளைத் தொட்டு, "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் எழலாம். ஒரு தடவை எனக்கு மாற்று ஆள் வரவே இல்லை. அடுத்த ஷிப்ட் முழுக்க அப்படியே உட்கார்ந்து வேலை பார்த்தேன். அன்றைக்கு நான் என் வாயால் உன்னை ஒப்படைத்தேன். திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேனே தவிர, வந்துட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளச் சொன்ன ஆளை யாரும் விடுவிக்கவில்லை, கண்ணு. நம் வீட்டுப் பிள்ளை எங்கே தனியாக உட்கார்ந்தாலும் அவள் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். உனக்கு என் உருவத்தில் தெரிந்தாள், பாப்பாவுக்கு உன் உருவத்தில்.

அந்தப் புங்க மரத்தடிக் கல் அங்கேயேதான் இருக்கிறது. யாரோ தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று, வெட்கத்தை விட்டு, சத்தமாகச் சொன்னேன். "நான் வந்துட்டேன். நீங்க போங்க." ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிய மாதிரி இருந்தது. அங்கே யாரும் இல்லை. இருந்திருந்தால் தெரிந்திருக்கும். திரும்பும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. யாருக்கு வந்துட்டேன் என்கிறேன்? அன்று உன்னைக் கூட்டி வந்த இரண்டாம் மாதமே எனக்கு அடுத்த பைத்தியம் பிடித்துவிட்டது. நான் எப்போது வந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன்? உனக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது, இனி நான் உட்கார அங்கே இடமும் இல்லை. இப்போது அந்தச் சீட்டு உன்னுடையது.

பாப்பா இன்னும் கேட்கவில்லை. கேட்பாள். நீ எதிரிலேயே நின்றுகொண்டிருக்கும்போது, "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு புடவைதான் பதிலாக இருந்தது. உன் பிள்ளையை அப்படி ஏமாற்றிவிடாதே. பறவையைப் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. மருமகள் வீட்டில் இருக்கும் நாளில், சொல்லிவிட்டுப் போ. இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கேயும் போகாதே. என் மேல் கோபம் வந்தால் வரட்டும். ஒரு மாதம் பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தை நீ படிக்கிற நேரத்தில் பாப்பா எங்கேயாவது ஒரு மூலையில் தனியாக விளையாடிக்கொண்டு, யாரிடமோ பேசிக்கொண்டிருக்கலாம். கேமராவைக் கீழே வை. போய் அவள் பக்கத்தில் உட்கார். பக்கத்து இடம் காலியாகத் தெரிந்தாலும் கொஞ்சம் மரியாதையாக, தள்ளி உட்கார். அப்புறம், "அப்பா வந்துட்டேன்" என்று சொல். பாப்பாவுக்கு மெதுவாகச் சொன்னாலே கேட்கும். ஆனாலும் சத்தமாகச் சொல்.

அம்மா